ஆலயமே இறைவனின் திருமேனி

'கோபுர தரிசனம் கோடி புண்ணியம்' என்பது நம் பாட்டிமார் சொல்லிச் சென்ற மொழி. பேருந்தில் செல்லும்போதும் தொலைவில் ஒரு கோபுரத்தைக் கண்டவுடன் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் வழக்கம் இன்றும் நம்மிடையே உண்டு. கோபுரத்தை ஏன் வணங்க வேண்டும், உள்ளே சென்று மூலவரைத் தரிசித்தால் போதாதா என்று நம் வீட்டுப் பிள்ளை கேட்டால், நம்மில் எத்தனை பேரால் விடை கூற இயலும்? ஆலய நிர்வாகத்தில் பல்லாண்டுகள் பொறுப்பு வகித்துவரும் அடியேனும் நெடுநாள்வரை அவ்விடையை அறியாதவனாகவே இருந்தேன். அறியாமையால் நேர்ந்த பிழை ஒன்றையும் இங்கு மறைக்காமல் எழுத எண்ணுகிறேன். திருப்பணி செய்யக் காத்திருக்கும் மற்ற ஆலயத்தாருக்கு அது பயன்படக்கூடும்.

கிடந்த கோலமும் நின்ற கோலமும்

ஆகம மரபில் ஆலயம் இறைவன் குடியிருக்கும் வீடு மட்டுமன்று. அதுவே அவனுடைய திருமேனி. மல்லாந்து படுத்திருக்கும் ஓர் உருவமாக ஆலயத்தைப் பெரியோர் கண்டனர். கருவறை சிரசு. அதனை அடுத்த அர்த்த மண்டபம் கழுத்து. மகா மண்டபம் மார்பும் வயிறும். வாயிலில் நிற்கும் இராஜகோபுரம் திருப்பாதம். உறுப்புகளைக் கூறுவதில் நூலுக்கு நூல் சிறு வேறுபாடுகள் இருப்பினும், கோபுரம் பாதம் என்பது பெருவழக்கு. ஆகவே வீதியில் நின்று கோபுரத்தைத் தொழுபவர் இறைவனின் திருவடியைத் தொழுதவர் ஆகிறார். ஒரு காலத்தில் ஆலயத்துள் நுழைய அனுமதிக்கப்படாத மக்களும் தம் இடத்திலிருந்தே கண்டு வணங்கியது இத்திருவடியைத்தான். அனுமதி மறுத்தவர்களின் குற்றம் வேறு; திருவடி எவரிடமிருந்தும் மறைந்ததில்லை.

இது கிடந்த கோலம். நின்ற கோலம் ஒன்றும் உண்டு. அதனைக் கருவறையின்மேல் எழும் விமானத்தில் காணலாம். விமானத்திற்கு ஆறு அங்கங்கள் உள்ளன. அடியிலுள்ள மேடை அதிட்டானம், அதுவே பாதம். அதன்மேல் எழும் சுவரும் அரைத்தூண்களும் கால்கள். அவற்றின்மேல் கூரை விளிம்பாக நிற்பது பிரஸ்தரம், அது தோள். பிறகு கழுத்தாகிய கிரீவம், தலையாகிய சிகரம், உச்சியில் கலசம் தாங்கும் ஸ்தூபி. சிகரம் சதுரமாயின் நாகரம், எண்பட்டையாயின் திராவிடம், வட்டமாயின் வேசரம் என மயமதம் முதலிய சிற்ப நூல்கள் வகுத்துள்ளன. அடுத்த முறை ஆலயம் செல்லும்போது பிரகாரத்தை வலம்வருகையில் சற்றே நிமிர்ந்து நோக்குங்கள். நம் பிள்ளைகள் வண்ணப் பொம்மைகளை எண்ணுவதோடு நின்றுவிடுகின்றனர். அவர்களுக்கும் இந்த ஆறு அங்கங்களைச் சுட்டிக் காட்டலாம்.

தில்லைக் கூத்தனின் பொன்னம்பலத்தில் இத்தத்துவம் இன்னும் நுட்பமாக அமைந்துள்ளது. அங்கே கூரை வேய்ந்த பொன் ஓடுகள் 21,600 என்பர். மனிதன் நிமிடத்திற்குப் பதினைந்து முறை மூச்சு விடுவதாகக் கணக்கிட்டால் ஒரு நாளைக்கு வருவது அதே எண்ணிக்கை. அவ்வோடுகளைப் பிணைக்கும் ஆணிகள் 72,000. அவை உடலில் ஓடும் நாடிகளைக் குறிக்கும் என்பது மரபு. திருமூலர் திருமந்திரத்தில் உடம்பையே ஆலயமாகக் கண்டதும் இவ்வழிப்பட்ட சிந்தனையே ஆகும்.

பொருள் மாறியது, அளவு மாறவில்லை

பழைய கோயில் என்றால் கருங்கல் என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். அது முழு உண்மையன்று. தொடக்க காலத்தில் கோயில்கள் மரத்தாலும் செங்கல்லாலும் சுதையாலும் எழுந்தன. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன், மண்டகப்பட்டில் குன்றைக் குடைந்து மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்தபோது, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியவை இன்றி இதனை அமைத்தேன் என்று கல்வெட்டில் பெருமையோடு பொறித்து வைத்தான். அக்காலத்தில் அது பெரும் புதுமை! இன்று சிலர் புதுப்பொருள் எதைக் கண்டாலும் ஆகமக் குற்றம் என்கின்றனர். அவர்கள் மகேந்திரவர்மனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1010ஆம் ஆண்டில் முதலாம் இராஜராஜன் நிறைவு செய்த தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் ஏறத்தாழ 216 அடி உயரம் கொண்டது. அங்கே விமானமே ஓங்கி நிற்கும். வாயிற் கோபுரங்கள் அதற்கு அடங்கியே நிற்கும். பிற்காலத்தில் இம்முறை தலைகீழாகி, கோபுரங்கள் வானளாவ எழுந்தன. கருவறை விமானம் சிறியதாகவே இருந்துவிட்டது. 1987இல் நிறைவுற்ற திருவரங்கத்து இராஜகோபுரம் 236 அடி. நம் நாட்டு ஆலயங்கள் பெரும்பாலும் இப்பிற்கால முறையைப் பின்பற்றியவை. (தஞ்சை விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று இன்றும் பலர் மேடையில் முழங்குகின்றனர். நிழல் விழத்தான் செய்கிறது. ஆயிரம் ஆண்டுகளாகச் சாயாமல் நிற்கும் கோயிலுக்குக் கட்டுக்கதை எதற்கு?)

அந்த இராஜராஜனின் மகன் இராஜேந்திரன் 1025ஆம் ஆண்டில் கடல் கடந்து படை செலுத்திக் கடாரம் கொண்டான். அக்கடாரமே நம் கெடா மாநிலம். அங்கே பூஜாங் பள்ளத்தாக்கில், குனோங் ஜெராய் மலையடிவாரத்தில், புக்கிட் பத்து பகாட் சண்டி என்னும் பழங்கோயில் உள்ளது. பெயரைக் கேட்டு நம் ஜொகூர் பத்து பகாட் என்று மயங்க வேண்டாம். இது மெர்போக் அருங்காட்சியகத்தை ஒட்டியது. 1930களில் குவாரிச் வேல்ஸ் என்னும் ஆங்கிலேய ஆய்வாளர் அதனை ஆராய்ந்தார். பின்னர் அலஸ்டர் லேம்ப் அகழ்ந்து, 1960 அளவில் கற்களை மீண்டும் அடுக்கி நிலைநிறுத்தினார்.

அங்கே கூரை இல்லை. மரத்தால் ஆன அது மண்ணோடு மண்ணாயிற்று. இருப்பினும் நம்மில் எவரும் அங்கு நின்றால் வழி கேட்க வேண்டியதில்லை. இது கருவறை, இது மண்டபம், இந்தக் கல் தூண் நின்ற பீடம் என்று கால்களே கண்டுகொள்ளும். மேலே இருந்தவை யாவும் போன பின்பும் பாதம் மட்டும் நிலைத்திருக்கிறது. அவ்விடத்தில் கற்பேழைகள் கிடைத்தன. அவற்றினுள் சிறு குழிகளும், செப்புக் கலமும், பொன்னும் மணிகளும் இருந்தன. ஆலயம் எழுப்பும் முன் நவமணிகளையும் உலோகங்களையும் தானியங்களையும் நிலத்தடியில் வைத்துச் செய்யும் கர்ப்பந்நியாசம் என்னும் சடங்கை நாம் அறிவோம். கண்ணுக்குப் புலப்படாத இடத்தில்தான் ஆலயத்தின் உயிர் வைக்கப்படுகிறது. அதே பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டி 2013ஆம் ஆண்டில், வீடமைப்புக்காக நிலத்தைச் சமன்செய்தபோது இடிக்கப்பட்ட செய்தி வந்தது. நாம் வருந்தினோம், அரசாங்கத்திடம் கேள்வி எழுப்பினோம். ஆனால் நம் கைகளாலேயே நாம் மூடிவிடுவனவற்றுக்கு எவரிடம் கேள்வி எழுப்புவது?

ஜொகூர் பாருவில் 1922ஆம் ஆண்டில் சிறு குடிலாகத் தோன்றிய ஸ்ரீ இராஜகாளியம்மன் ஆலயம், இன்று கண்ணாடித் துண்டுகளால் இழைக்கப்பட்டுச் சுற்றுப்பயணிகளும் வியக்கும் கண்ணாடி ஆலயமாக விளங்குகிறது. கண்ணாடி ஆகமத்திற்கு ஒவ்வுமா என்று சிலர் அடியேனிடம் வினவியதுண்டு. மரமும் செங்கல்லும் கல்லும் காலந்தோறும் மாறியவையே. பொருள் மாறுவதால் திருமேனி மாறாது. அளவும் வரிசையும் மாறினால்தான் மாறும். வாயில், பலிபீடம், கொடிமரம், மண்டபம், கருவறை என்னும் வரிசையும், மூர்த்தியின் உயரத்திற்கும் கருவறை வாயிலின் உயரத்திற்கும் உள்ள பொருத்தமும் ஸ்தபதியார் கணக்கிட்டு வைப்பவை. ஆயம், வியயம், யோனி என்று தொடங்கும் ஆயாதிக் கணக்கு அதற்கென்றே உள்ளது. ஒரு விரற்கடை கூடினாலும் குறைந்தாலும் அவர்கள் ஒப்புவதில்லை.

நாங்கள் மூடிய பாதம்

எங்கள் ஆலயம் தோட்டத்தில் அத்தாப்புக் கூரையின்கீழ்த் தோன்றியது. பால்மரம் வெட்டிய நம் முன்னோர் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பின்னர் செங்கல்லால் கருவறை எழுப்பினர். சென்ற திருப்பணியின்போது, மழைக்காலத்தில் மண்டபத்தினுள் நீர் புகுகிறது என்று பக்தர்கள் முறையிட்டனர். நிர்வாகம் கூடித் தரையை ஓர் அடி உயர்த்திப் பளபளக்கும் ஓடு பதிக்கத் தீர்மானித்தது. நன்கொடையாளர் ஒருவரும் மனமுவந்து முன்வந்தார். அத்தீர்மானத்தில் செயலாளர் என்ற முறையில் கையொப்பமிட்டவன் அடியேன். கும்பாபிஷேகத்தன்று தரை கண்ணாடிபோல் மின்னியது, எல்லோரும் பாராட்டினர்.

பன்னிரண்டு ஆண்டுகள் சென்று, அடுத்த திருப்பணிக்காகத் தமிழகத்திலிருந்து ஸ்தபதியார் ஒருவர் வந்தார். கருவறையை ஒரு முறை வலம்வந்தார். சுவரருகே குனிந்து தரையைத் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "செயலாளர் ஐயா, அம்மனுக்குப் பாதம் எங்கே?"

எனக்கு விளங்கவில்லை. உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று அதிட்டானத்தின் உறுப்புகளை அவர் விரல்விட்டு எண்ணிக் காட்டினார். அவற்றுள் மேலிருந்த பட்டிகை மட்டுமே வெளியே தெரிந்தது. மற்றவை யாவும் எங்கள் ஓட்டுக்கும் சிமெந்துக்கும் அடியில். தாயாரை முழங்கால்வரை மண்ணில் புதைத்துவிட்டு மேலே பட்டுடுத்தி அழகு பார்த்திருக்கிறோம்! நீர் புகுந்த குறைக்கு வெளிப்பிரகாரத்தில் ஒரு கால்வாய் வெட்டியிருந்தால் போதுமாயிருந்தது என்றும் அவர் கூறினார்.

நிர்வாகக் கூட்டம் இருமுறை நள்ளிரவுவரை நீண்டது. நல்ல தரையை உடைப்பது பணத்தை வீணாக்குவது என்றனர் சிலர். ஓடு பதித்துக் கொடுத்த அன்பரின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று கலங்கினர் சிலர். அவரது வீட்டிற்கு அடியேனும் தலைவரும் நேரில் சென்றோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. "உடைக்கும் அன்று நானும் வந்து நிற்கிறேன்" என்று மட்டும் சொன்னார்.

பாலாலயம் செய்து அம்மனின் சக்தியைக் கும்பத்தில் எழுந்தருளச் செய்த பின்பு, தரையை உடைத்தோம். இயந்திரம் வேண்டாம், உளியால் மெல்லப் பெயர்க்க வேண்டும் என்பது ஸ்தபதியாரின் கட்டளை. மூன்றாம் நாள் வடக்குப் பக்கத்தில் குமுதத்தின் வளைவு வெளிப்பட்டது. தோட்டத்து முன்னோர் சுதையால் உருட்டி எடுத்த வளைவு. ஓரிடத்தில் சாந்து காய்வதற்குமுன் எவரோ வைத்த கட்டைவிரல் தடம் அதில் அப்படியே இருந்தது. அதனைப் பூசி மறைக்க வேண்டாம் என்று ஓடு பதித்த அந்த அன்பரே கேட்டுக்கொண்டார், ஸ்தபதியாரும் இசைந்தார். கருவறையை வடக்கே சுற்றி வருவோர் இன்றும் அதனைக் காணலாம். வெளிப்பிரகாரத்தில் கால்வாயும் வெட்டியாகிவிட்டது. சென்ற மழைக்கு மண்டபத்தில் நீர் வரவில்லை.