வாடகைச் சர்வரும் ஒண்டுக்குடித்தனமும்

பனிமூட்டம் இறங்கிய ஒரு காலையில், ஏற்காட்டு மலையின் நாகலூரில் அமர்ந்தபடி, சென்னையிலுள்ள ஒரு சர்வரை வாடகைக்கு எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். திரையில் கட்டளையை அடித்தால் பதில் வருகிறது. சர்வரைக் கண்ணால் காண வழியில்லை. உங்களுக்குக் கிடைத்தது முழு இயந்திரமா, அதில் ஒரு பங்கா?

பெரும்பாலும் பங்குதான். ஒரே கணிப்பொறியைப் பல கணிப்பொறிகளாகக் காட்டும் முறை புதியதன்று, 1972-இலேயே ஐ.பி.எம். நிறுவனம் வி.எம்./370 என்ற பெயரில் இதனை அறிவித்தது. பங்கிடுவதில் இரு வகை உண்டு. வீட்டைத் தடுத்து ஒவ்வொரு பகுதிக்கும் தனிச் சமையலறை தருவது ஒன்று. இது மெய்நிகர் இயந்திரம். அறை மட்டும் தனி, சமையலறை பொது என்னும் ஒண்டுக்குடித்தனம் மற்றொன்று, இது கன்டெய்னர். இங்கே சமையலறை என்பது இயங்குதளத்தின் உட்கருவான கர்னல். கன்டெய்னரில் குடியிருப்பவர் கர்னலை மாற்ற முடியாது. அது பழுதானால் எல்லாக் குடித்தனமும் நின்றுவிடும். எதற்கு வாடகை தருகிறோம் என்று அறிவது அவசியமல்லவா?

பெரும்பாலான லினக்ஸ் சர்வர்களில் இதற்கொரு கட்டளை உண்டு. சிஸ்டம்டி, டிடெக்ட், விர்ட் என்னும் மூன்று சொற்களை, இடையே சிறு கோடிட்டு, ஆங்கில எழுத்தில் அடியுங்கள். 'கே.வி.எம்.', 'விஎம்வேர்' என்று பதில் வந்தால் மெய்நிகர் இயந்திரம். 'எல்.எக்ஸ்.சி.', 'டாக்கர்' என்றால் கன்டெய்னர். மைக்ரோசாப்ட் 2015-இல் சென்னையில் தொடங்கிய மையத்தின் மெய்நிகர் இயந்திரமானால், 'மைக்ரோசாப்ட்' என்றே விடை வரும். 'நன்' என்றால் எதுவும் தென்படவில்லை என்று பொருள்.

இது எப்படித் தெரிகிறது? இன்டெல், ஏ.எம்.டி. செயலிகளிடம் அவற்றின் விவரம் கேட்க 'சி.பி.யு.ஐ.டி.' என்ற ஆணை உண்டு. விடையில் ஓர் இலக்கம் அசல் இயந்திரத்தில் 0. இயந்திரத்தைப் பங்கிடும் ஹைப்பர்வைசர் அதை 1 ஆக்குகிறது. அடுத்த கேள்விக்கு, 12 எழுத்து இடத்தில் தன் பெயரையும் சொல்கிறது. கன்டெய்னருக்கு இந்த வழி உதவாது. முதல் நிரலுக்குத் தரப்பட்ட குறிப்புகள், டாக்கர் விட்டுவைக்கும் கோப்பு போன்ற தடயங்களையே அக்கட்டளை தேடுகிறது.

இரண்டு எச்சரிக்கைகள். மெய்நிகர் இயந்திரத்துக்குள் கன்டெய்னர் இருந்தால், உள்ளே இருப்பதன் பெயர் மட்டுமே வரும். மேலும், விடை சொல்வது ஹைப்பர்வைசரே. உரிமையாளர் விரும்பினால் அதை மறைத்துவிடலாம். ஆகவே பெயர் வந்தால் அது நல்ல சான்று. 'நன்' என்பது முடிந்த முடிவு அன்று. பனி மறைத்ததால் எதிரே மலையில்லை என்று நாகலூர்க்காரர் எவரும் சொல்வதில்லையே!