உங்கள் காரைக் கம்பெனி கூப்பிடுகிறதா?

அமெரிக்காவின் டெஸ்லா கம்பெனி 2023ஆம் ஆண்டு இறுதியில் சைபர்டிரக் என்ற மின்சாரப் பிக்கப் வண்டியை விற்பனைக்கு விட்டது. எஃகுத் தகடு போர்த்திய முரட்டு வண்டி! ஆனால் 2024 ஏப்ரலிலேயே 3,878 வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. காரணம் என்ன தெரியுமா? சோப்பு! ஆக்சிலரேட்டர் மிதியின் மேல் தகட்டைச் சுலபமாக மாட்டுவதற்குத் தொழிற்சாலையில் சோப்பு தடவியிருக்கிறார்கள். அந்தத் தகடு நழுவி மேலே சிக்கிக்கொண்டால், காலை எடுத்தாலும் வண்டி பாய்ந்துகொண்டே இருக்கும். 2025 மார்ச்சில் மறுபடியும் 46,096 வண்டிகளுக்கு அழைப்பு. பசையால் ஒட்டிய வெளித்தகடு ஓட்டத்தில் கழன்று விழக்கூடும் என்பதற்காக.

விற்ற வண்டியில் ஆபத்தான குறை தெரிந்தால், கம்பெனியே அழைத்துத் தன் செலவில் சரிசெய்து தருவதைத்தான் 'ரீகால்' என்கிறார்கள்.

"அது பணக்காரர் வண்டி, நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதே ரீகால் விஷயத்தில் நம் நாட்டில் உயிர்களே போயிருக்கின்றன. அதுவும் நம்மவர்கள் இரண்டாம் கையாக விரும்பி வாங்கும் சிறிய கார்களில்.

2014 ஜூலையில் சரவாக்கின் சிபு நகரில் ஒரு கர்ப்பிணிப் பெண் ஓட்டிய ஹோண்டா சிட்டி கார் மோதியது. பெரிய வேகம் இல்லை. அவரைக் காக்க வேண்டிய காற்றுப்பையே வெடித்து, உலோகத் துண்டு பாய்ந்து உயிரைக் குடித்தது. 2016 ஏப்ரலில் சபாவிலும் மே மாதம் கெடாவிலும் அதே ரகக் கார்களில் காற்றுப்பை வெடித்து இரண்டு உயிர்கள் போயின. பையைச் செய்தது ஜப்பானின் டகாட்டா கம்பெனி.

தோட்டத்தில் உரம் போட்டவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஈரக்காற்றுப் பட்ட உர மூட்டை கட்டி தட்டிக் கெட்டுப்போவதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? உரமாகவும் பயன்படும் அமோனியம் நைட்ரேட்டைத்தான் டகாட்டா தன் பையில் வைத்தது. விலை மலிவு என்பதால்! வண்டி மோதியதும் அது எரிந்து, கண் இமைக்கும் நேரத்தில் வாயுவாகிப் பையை ஊதவேண்டும். ஆனால் ஆண்டுக்கணக்கில் பகல் வெயிலும் இரவு ஈரமும் மாறி மாறித் தாக்கினால் அந்த மருந்து நொய்ந்துவிடும். பிறகு எரிவதில்லை, வெடிக்கிறது! அதை அடைத்திருக்கும் உலோகக் குப்பி சிதறி, ஓட்டுநரின் கழுத்தையும் முகத்தையும் நோக்கிப் பாய்கிறது. வெயிலும் ஈரமும் எங்கே அதிகம்? தைப்பிங் மழையும் ஈப்போ வெயிலும் உங்களுக்குத் தெரியாதா!

ஹோண்டா மட்டுமல்ல; டொயோட்டா, நிசான், மாஸ்டா, பி.எம்.டபிள்யூ கார்களிலும் இந்தப் பை இருந்தது. உலகமெங்கும் ஏறத்தாழ 10 கோடிப் பைகளைத் திரும்ப அழைத்தார்கள். 2017இல் டகாட்டா திவாலாயிற்று.

எல்லாரையும்தான் அழைத்துவிட்டார்களே, பிறகு என்ன கவலை என்கிறீர்களா? கடிதம் யாருக்குப் போகிறது என்று யோசியுங்கள். பெரும்பாலும் காரை முதன்முதலில் வாங்கியவருக்கு. நம் வீட்டு வாசலில் நிற்கும் காரோ மூன்று கை, நான்கு கை மாறி வந்தது. இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு வரும் கடிதம் ஆபீசுக்குப் போகும்; கிராணி பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். இன்று பேராக்கில் எத்தனையோ ரப்பர் தோட்டங்கள் விற்கப்பட்டு, லயங்கள் இடிபட்டு, செம்பனையும் வீடமைப்புத் திட்டமுமாக மாறிவிட்டன. பழைய தோட்டத்து முகவரிக்குக் கடிதம் எழுதினால், யார் கையில் சேரும்?

ஆகவே கடிதத்துக்குக் காத்திருக்காதீர்கள். கார் கிராண்டில் இருக்கும் சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஈப்போவிலுள்ள அந்தக் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் கேளுங்கள். உங்கள் வண்டிக்கு ரீகால் உண்டா, பை மாற்றியாகிவிட்டதா என்று எண்ணை வைத்தே சொல்லிவிடுவார்கள். எத்தனையாவது சொந்தக்காரராக இருந்தாலும் பை மாற்றுவதற்கு ஒரு காசு வாங்கக்கூடாது. போகுமுன் சாமான் கையிருப்பில் உண்டா என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போனால் அலைச்சல் மிச்சம்.

தெரிந்த போர்மனிடம் கொடுத்துக் கழற்றச் சொல்லும் வேலை வேண்டாம். அவர் கெட்டிக்காரராக இருக்கலாம்; ஆனால் இது வெடிமருந்து. பழைய சாமான் கடையில் வாங்கிய ஸ்டியரிங் மாட்டியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கம்பெனிப் புத்தகத்தில் உங்கள் கார் சுத்தமாக இருந்தாலும், அந்த ஸ்டியரிங் எந்தக் காரிலிருந்து வந்ததோ, யார் கண்டது?

சர்வீஸ் நிலையத்தில் அலைக்கழித்தால் போன தேதியையும் பேசியவர் பெயரையும் எழுதி வையுங்கள். ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். கடைக்காரர் குறையுள்ள வண்டியை ஏமாற்றி விற்றிருந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுகளுக்குள் போகவேண்டும். ஆனால் உடற்காயத்துக்கும் உயிரிழப்புக்கும் அங்கே வழக்கு எடுக்கமாட்டார்கள். அதற்கு நீதிமன்றப் படிதான் ஏறவேண்டும்.