மண்ணே ஓடுதளம்

நுழையும்முன்
முதலில் வருபவரைக் கொண்டாடுவது விளையாட்டின் இயல்பு. ஆயினும், ஐந்தாவதாக வருபவரே அணியின் வெற்றியை முடிவுசெய்யும் விளையாட்டும் ஒன்று உண்டு. அதனை அறிவோம்.

பன்னாட்டுத் தரத்தில் செயற்கை இழை ஓடுதளம் ஒன்றை அமைக்கப் பல கோடி ரூபாய் வேண்டும். திருவண்ணாமலை போன்ற ஊர்களில் உள்ள சிறிய கல்லூரிகளுக்கு அஃது எளிதன்று. ஆனால் ஏரிக்கரை, வறண்ட ஏரியின் தரை, மலையடிவாரச் செம்மண் பாதை ஆகியவற்றையே களமாகக் கொள்ளும் விளையாட்டு, ‘கிராஸ் கன்ட்ரி’ என வழங்கும் திறந்தவெளி ஓட்டம் ஆகும்.

தோற்றமும் வளர்ச்சியும்

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பள்ளி மாணவர் சிலர் காகிதத் துண்டுகளைத் தூவியவாறு முன்னே ஓடுவர். பிறர் அத்தடம் பற்றித் துரத்துவர். முயலை வேட்டைநாய் துரத்துவது போன்ற இவ்விளையாட்டே திறந்தவெளி ஓட்டமாக வளர்ந்தது. 1912, 1920, 1924 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக்கில் இஃது இடம்பெற்றது. 1973 முதல் இதற்கென உலகப் போட்டி நடைபெற்று வருகிறது.

ஐந்தாமவரின் பெருமை

அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளில் ஓர் அணிக்கு எழுவர் ஓடுவர். முதலில் வரும் ஐவர் பெற்ற இடங்களின் கூட்டுத்தொகையே அணியின் மதிப்பெண். குறைந்த மதிப்பெண் பெற்ற அணி வெல்லும். ஓர் அணியினர் 1, 2, 3, 4, 50ஆம் இடங்களைப் பெற்றால் கூட்டுத்தொகை 60. மற்றோர் அணியினர் 9 முதல் 13 வரை இடம்பெற்றால் கூட்டுத்தொகை 55. முதல் நான்கு இடங்களை வென்றும் முன்னைய அணி தோற்கிறது. கைதட்டல் பெறாத ஐந்தாமவரே அணியின் அச்சாணி.

ஒரு சிறு கல்லூரியின் சாதனை

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் அலமோசா என்னும் சிற்றூரில் இருந்தது ஆடம்ஸ் ஸ்டேட் கல்லூரி; இன்று அது பல்கலைக்கழகம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்தில் அமைந்த அவ்வூரில் காற்றழுத்தம் குறைவு. மூச்சுக்குக் கிடைக்கும் உயிர்வளியும் குறைவு. அதனை ஈடுசெய்ய உடல் சிவப்பணுக்களைக் கூடுதலாக உருவாக்கும். குறையெனத் தோன்றிய இவ்வியற்கையைப் பயிற்சியாளர் ஜோ விஜில் வலிமையாக்கினார். 1992ஆம் ஆண்டு தேசியக் கல்லூரிப் போட்டியின் இரண்டாம் பிரிவில் அவருடைய மாணவர் ஐவர் முதல் ஐந்து இடங்களையும் வென்றனர். 15 என்பதே எய்தக்கூடிய மிகச் சிறந்த மதிப்பெண். அதனை அவ்வணி எய்தியது.

அண்ணாமலையின் அடிவாரத்தில்

திருவண்ணாமலைக்கு அத்தகைய உயரம் இல்லை. எனினும் அதற்கென ஒரு நிலவளம் உண்டு. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை, பௌர்ணமி நாள்கள் நீங்கலாக, வைகறையில் சீரான நெடும்பயிற்சிக்கு உதவும். ஆனால் தார்ச்சாலை மட்டும் போதாது. மேடுபள்ளமான மண்ணில் ஓடும்போதுதான் கணுக்கால் உறுதிபெறும். ஏற்றம் மூச்சாற்றலை வளர்க்கும். இறக்கம் தொடைத்தசைகளைப் பழக்கும். போளூர், செங்கம், ஜவ்வாது மலைப் பகுதி மாணவர்களுக்கு இத்தகைய நிலம் புதிதன்று. பெருநகரம் அல்லாத புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து சென்ற கோ. லட்சுமணன், 2017இல் புவனேசுவரத்தில் நடைபெற்ற ஆசியத் தடகளப் போட்டியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் ஓட்டங்களில் தங்கம் வென்றதும் இங்கு நினைக்கத்தக்கது.

பயிற்சியும் எச்சரிக்கையும்

பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் பல மாதங்கள் ஓடுவதே அடித்தளம். அதனால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான குருதியைச் செலுத்தும். தசைகளில் நுண்குழாய்கள் பெருகும். அதன் பின்னரே மேட்டு ஓட்டமும் விரைவோட்டமும் சேர்க்கப்பட வேண்டும்.

வெப்பத்தை எளிதாக எண்ணலாகாது. 1924இல் பாரிசு நகரின் கடும் வெயிலில் ஓடத் தொடங்கிய 38 பேரில் 15 பேரே முடித்தனர். அதன்பின் ஒலிம்பிக்கிலிருந்து இவ்வோட்டம் நீக்கப்பட்டது. வெப்பம் மிகுந்த வட மாவட்டத்தில் விடியற்காலைப் பயிற்சியும், நீரும், ஓய்வும் இன்றியமையாதவை.

ஓடுதளம் இல்லை என்பது ஒரு கல்லூரியின் இறுதிச் சொல்லாக இருக்க வேண்டியதில்லை. சேர்ந்து ஓடும் எழுவரும், பின்தங்குபவரைக் கைவிடாத ஆசிரியரும் இருப்பின், காலடி மண்ணே களமாகும்.