ஒரு சாவியும் ஒரு கொம்பும்

வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர் ஜான் ஹண்டர் என்ற அமெரிக்கர். அந்த வேலைக்கான மென்பொருளுக்கு அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு உரிமம்தான். சின்னதாக ஒரு வன்பொருள் சாவியைக் கணினியில் செருகினால்தான் அது திறக்கும். மாணவர், ஆய்வாளர் எல்லோரும் அந்தச் சாவிக்கு முறைவைத்துக் காத்திருந்தார்கள். கடைசியில் ஹண்டர் பைத்தான் மொழியில் எண்களைப் படமாக்கும் ஒரு கருவியைத் தானே எழுதி, 2003இல் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். அதுதான் மேட்பிளாட்லிப். 2012இல், 44 வயதில், அவர் இறந்துபோனார். 2019இல் வெளியான முதல் கருந்துளைப் படத்தின் பின்னணியில் அந்தக் கருவியும் இருந்தது.

அது இலவசம் மட்டுமல்ல, கட்டற்றதும்கூட. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. இலவசமாகக் கிடைப்பதை நாளைக்கே காசுக்கு மாற்றிவிடலாம். கட்டற்ற மென்பொருளின் மூலநிரல் நம் கையிலேயே இருக்கும்.

சரி, எண்களைப் படமாக்க இப்படிப்பட்ட கட்டற்ற கருவிகளில் எதை எடுப்பது? வீட்டு மின்கட்டணத்தை ஒருமுறை படமாகப் பார்க்க லிபர்ஆபிஸ் தொகுப்பிலுள்ள கால்க் என்ற விரிதாள் போதும். மாதாமாதம் அதே படம் வேண்டுமென்றால் கட்டளையாக எழுதிவைக்கும் கருவிதான் நல்லது. எண்களை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டினால் படம் தயார். மேட்பிளாட்லிப், ஆர் மொழி, 1986இல் வந்த க்னூபிளாட் எல்லாம் இந்த வகை.

படத்தில் தமிழில் பெயர் எழுத நினைப்பவர்களுக்கு இன்னொரு சோதனை உண்டு. 'செ' என்று எழுதும்போது நாம் கொம்பை முதலில் போடுகிறோம். கணினியோ உச்சரிப்பு வரிசைப்படி 'ச'வை முதலில் வைத்து, எகரக் குறியைப் பின்னால் சேமிக்கிறது. திரைக்கு வரும்போது அந்தக் கொம்பைத் தூக்கி யாராவது முன்னால் வைக்க வேண்டும். 'கொ' இன்னும் வேடிக்கை: ஒரே குறியை இரண்டாகப் பிளந்து 'க'வின் இருபுறமும் நிறுத்தியாக வேண்டும். லிபர்ஆபிஸில் இதைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்னும் நிரல். மேட்பிளாட்லிப் பல ஆண்டுகளாக, வந்த வரிசையிலேயே எழுத்துகளை அடுக்கியதால் 'சென்னை'யின் கொம்பு 'ச'வுக்குப் பின்னால் போய் விழுந்தது. படத்திலுள்ள எழுத்தை எழுத்தாகவே விட்டு எஸ்விஜி என்ற வகைப் படக்கோப்பாகச் சேமித்து உலாவியில் திறந்தால் சரியாகிவிடும். ஆனாலும் சுற்றுவழிதான்.

ஆகவே எந்தக் கருவியை எடுத்தாலும், தரவை ஏற்றுவதற்கு முன் அச்சின் பெயராக 'சென்னை', 'கொடைக்கானல்' என்று தட்டிப் பாருங்கள்.