இரவுகளின் கணக்கு: ஹோட்டல் வெகுமதித் திட்டங்களும் தாராவி வணிகரும்

வணிகத்தின் பொருட்டு ஊர் ஊராகச் செல்வது தாராவித் தமிழர்களுக்குப் புதிதன்று. 19-ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து குடியேறியவர்கள் தோல் பதனிடும் தொழிலை இங்கே வேரூன்றச் செய்தார்கள். பாந்த்ராவில் இருந்த இறைச்சிக்கூடம் 1971-இல் தேவனாருக்கு மாற்றப்பட்ட பின், பதனிடுதல் படிப்படியாகச் சுருங்கியது. பைகளும் பர்சுகளும் பெல்ட்டுகளும் தைக்கும் தொழில் நிலைபெற்றது. இன்று அத்தொழிலுக்கு வேண்டிய பதனிட்ட தோலின் பெரும்பகுதி சென்னை, கான்பூர், கொல்கத்தா முதலிய இடங்களிலிருந்து வருகிறது. தோலைக் கையால் தடவிப் பார்த்து வாங்கினால்தான் மனம் நிறையும் வணிகர், ஆண்டில் பதினைந்து இருபது இரவுகளையாவது வெளியூரில் கழிக்க நேர்கிறது. சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் ஆண்டுதோறும் நடைபெறும் இந்தியப் பன்னாட்டுத் தோல் கண்காட்சிக்கும் பலர் செல்கின்றனர்.

முன்பு அவ்விரவுகள் உறவினர் வீட்டிலோ ரயில் நிலையத்தை ஒட்டிய லாட்ஜிலோ கழிந்தன. தொழில் வளர்ந்தபின் நட்சத்திர ஹோட்டல்களில் தங்குவோரும் பெருகியுள்ளனர். அங்கே அறைச்சாவியோடு வரவேற்பு மேசையில் எழும் கேள்வி ஒன்று உண்டு: "எங்கள் திட்டத்தில் நீங்கள் உறுப்பினரா?" அந்தக் கேள்விக்குப் பின்னால் உள்ள கணக்கை நம் வாடிக்கையாளர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

திட்டம் பிறந்த கதை

அன்றாடம் வருபவரை அடையாளம் கண்டு, அவருக்கு உரிய மேசையையும் காபியின் சூட்டையும் நினைவில் வைத்திருப்பது மாட்டுங்காவின் பழைய உணவகங்கள் அறிந்த மரபுதான். பெருநிறுவனங்கள் அந்த நினைவைக் கணினியிடம் ஒப்படைத்தன. 1981 மே மாதத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் தன் பயணிகளுக்கு, பறந்த தொலைவுக்கேற்ப மைல்களை வரவு வைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 1983-இல் ஹாலிடே இன், மாரியட் ஆகிய ஹோட்டல் நிறுவனங்களும் அவ்வழியில் இறங்கின. 2016-இல் ஸ்டார்வுட் நிறுவனத்தை மாரியட் வாங்கியது. இரு நிறுவனங்களின் திட்டங்களும் ஒன்றாக்கப்பட்டு 2019 முதல் மாரியட் பான்வாய் என்ற பெயரில் இயங்குகின்றன.

மும்பையில் 1903-இல் ஜாம்செட்ஜி டாடா திறந்த தாஜ் மஹால் ஹோட்டலின் வழிவந்த தாஜ் குழுமத்துக்கு இன்னர் சர்க்கிள் என்ற திட்டம் உண்டு. 2022-இல் அது டாடா நியூ அமைப்போடு இணைந்தது. ஐ.டி.சி. ஹோட்டல்களுக்குக் கிளப் ஐ.டி.சி. உள்ளது. மித்தி ஆற்றின் மறுகரையில், பாந்த்ரா-குர்லா வளாகத்தில் நிற்கும் சோஃபிடெல் அக்கோர் என்னும் பிரெஞ்சுக் குழுமத்தைச் சேர்ந்தது. தாராவிப் பைகளை வாங்க வரும் அயல்நாட்டார் அத்தகைய ஹோட்டல்களில் தங்கும்போது, அவர்களுடைய கணக்கிலும் புள்ளிகள் சேர்ந்துகொண்டிருக்கும்.

இரண்டு வரவுகள்

உறுப்பினர் ஒருவர் தங்கும் ஒவ்வொரு முறையும் அவர் பெயரில் இரண்டு வரவுகள் எழுதப்படுகின்றன. ஒன்று புள்ளிகள். செலவிட்ட தொகைக்கேற்ப இவை சேரும். பின்னர் இவற்றைக் கொடுத்துக் கட்டணமின்றித் தங்கலாம். மற்றொன்று இரவுகளின் எண்ணிக்கை. ஓராண்டில் தங்கிய இரவுகள் குறித்த எண்ணிக்கையை எட்டினால் எலைட் என்னும் உயர்தகுதி கிட்டும். புள்ளிகள் செலவழிந்தாலும் தகுதி குறையாது. ஆனால் தகுதிக்குக் காலவரம்பு உண்டு. ஜனவரி முதல் டிசம்பர் வரை எண்ணப்படும் இரவுகள், புத்தாண்டில் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்குகின்றன.

மாரியட் பான்வாய் திட்டத்தில் 10 இரவுகளுக்கு சில்வர், 25-க்கு கோல்டு, 50-க்கு பிளாட்டினம், 75-க்கு டைட்டானியம் எனப் படிகள் அமைந்துள்ளன. சில்வர் உறுப்பினருக்கு வழக்கமான புள்ளிகளோடு 10 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். கோல்டு உறுப்பினருக்கு 25 சதவீதமும், பிளாட்டினம் உறுப்பினருக்கு 50 சதவீதமும் கூடுதல். கோல்டு தகுதியில் வசதி இருப்பின் பிற்பகல் 2 மணி வரை அறையில் இருக்கலாம். பிளாட்டினம் தகுதியில் அது மாலை 4 மணி வரை நீள்கிறது. பல ஹோட்டல்களில் காலை உணவும் தனி ஓய்வுக்கூடமும் அத்தகுதியோடு வருகின்றன. கோல்டு உறுப்பினருக்குக் காலை உணவு உரிமையில்லை. இதைப் பலர் தங்கியபின்தான் அறிகின்றனர்.

சலுகைகளின் நிபந்தனைகளில் "இருப்பைப் பொறுத்து" என்னும் சொற்றொடர் அடிக்கடி வருவதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். கண்காட்சி நடைபெறும் வாரத்தில் சென்னை ஹோட்டல்கள் நிரம்பி வழியும். அப்போது உயர்ந்த அறையோ தாமதமாகக் காலி செய்யும் வசதியோ கோல்டு உறுப்பினருக்குக் கிடைக்கும் என்று உறுதி கூற இயலாது. வணிகருக்கு அவ்வசதி மிகத் தேவைப்படும் நாளும் அதுவே.

யார் பணத்தில் தங்குகிறோம்?

இத்திட்டங்களின் அடிப்படையை ஒரே கேள்வி விளக்கிவிடும்: அறை வாடகையைச் செலுத்துவது யார்? பெருநிறுவன அலுவலர் தங்கும் இரவுக்கு நிறுவனம் பணம் தருகிறது. புள்ளியும் தகுதியும் அலுவலருக்குச் சேர்கின்றன. அவருக்கு இவை செலவின்றி வந்த பரிசு. அதனால்தான் மத்திய அரசு அலுவலர்கள் அலுவல் பயணத்தில் ஈட்டும் விமான மைல்களை அலுவல் பயணத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்று அரசு விதித்துள்ளது.

தாராவியில் பட்டறை நடத்தும் வணிகரின் நிலை வேறு. வாடகையைச் செலுத்துபவரும் அவரே, புள்ளியைப் பெறுபவரும் அவரே. தகுதிக்காகக் கூடுதலாகத் தங்கும் ஒவ்வோர் இரவும் அவருடைய தொழில் மூலதனத்திலிருந்து கழிகிறது. வரியும் அவர் தலையிலேயே விழும். ஹோட்டல் எந்த மாநிலத்தில் உள்ளதோ அம்மாநிலத்தின் சரக்கு மற்றும் சேவை வரியே அறைக்கு விதிக்கப்படுவதால், மகாராஷ்டிரத்தில் மட்டும் பதிவு பெற்றுள்ள வணிகர் சென்னையில் செலுத்திய வரியை உள்ளீட்டு வரவாக எடுக்க இயலாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தோல் பை வணிகர் ஒருவர் ஆண்டில் 18 இரவுகள் தங்குகிறார். நாளொன்றுக்கு வாடகை 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம். ஆகவே ஓர் இரவுக்கு 6,300 ரூபாய். 18 இரவுகளில் அவர் சில்வர் தகுதியைத் தாண்டியிருப்பார். கோல்டு தகுதிக்கு 7 இரவுகள் குறைகின்றன. ஆண்டு முடிவதற்குள் தேவையில்லாத பயணங்களை மேற்கொண்டு அவற்றை நிரப்பினால் செலவு 44,100 ரூபாய்.

அதற்கு ஈடாகக் கிடைப்பது என்ன? பெரும்பாலான மாரியட் ஹோட்டல்களில் ஒரு டாலர் செலவுக்கு 10 புள்ளிகள். 6,000 ரூபாயை ஏறத்தாழ 70 டாலர் எனக் கொண்டால், இரவுக்கு 700 புள்ளிகள். அடுத்த ஆண்டின் 18 இரவுகளுக்கு 12,600 புள்ளிகள். சில்வர் தகுதியில் கூடுதல் 1,260. கோல்டு தகுதியில் கூடுதல் 3,150. வேறுபாடு 1,890 புள்ளிகள். 15,000 புள்ளிகள் கேட்கும் ஓர் அறைக்கு இது எட்டில் ஒரு பங்கு. எட்டில் ஒரு பங்கு இரவுக்கும், இருந்தால் கிடைக்கும் வசதிகளுக்கும் 44,100 ரூபாய் தருவது வணிகர் தம் கடையில் ஒருபோதும் ஒப்புக்கொள்ளாத விலை.

கடன் அட்டை தரும் குறுக்குவழி

2023 ஆகஸ்டில் மாரியட் நிறுவனமும் எச்.டி.எஃப்.சி. வங்கியும் இணைந்து ஒரு கடன் அட்டையை வெளியிட்டன. ஆண்டுக் கட்டணம் 3,000 ரூபாயும் வரியும். சில்வர் தகுதி, ஆண்டுக்கு 10 எலைட் இரவுகள், 15,000 புள்ளிகள் வரை மதிப்புள்ள ஓர் இலவச இரவு ஆகியவை அதன் தொடக்ககாலச் சலுகைகள். மேற்சொன்ன வணிகரிடம் அத்தகைய அட்டை இருந்தால், 18 இரவுகளோடு 10 சேர்ந்து 28 ஆகும். கூடுதலாக ஓர் இரவும் தங்காமல் கோல்டு தகுதி வந்துவிடும். 18 சதவீத வரியோடு அட்டைச் செலவு 3,540 ரூபாய்.

எனினும் 28-லிருந்து பிளாட்டினத்தின் 50-க்கு ஏறிவிடலாம் என்ற எண்ணம் எழக்கூடும். எஞ்சிய 22 இரவுகளை விலைகொடுத்து நிரப்பினால் 1,38,600 ரூபாய் ஆகும். காலை உணவை 600 ரூபாயாக மதித்தாலும், 18 நாட்களுக்கு அதன் மதிப்பு 10,800 ரூபாயே. இதர வசதிகளைத் தாராளமாக மதிப்பிட்டாலும் கணக்கு நேராகாது.

கடன் அட்டையை எடுப்போர் மறக்கக்கூடாத செய்தி ஒன்று உண்டு. நிலுவையை முழுமையாகச் செலுத்தாதவரிடம் பல அட்டைகள் மாதத்துக்கு 3 சதவீதத்துக்கும் மேல் வட்டி வாங்குகின்றன. 50,000 ரூபாய் நிலுவைக்கு மாதம் 1,500 ரூபாய் வட்டி என்றால், மூன்றே மாதங்களில் அது ஆண்டுக் கட்டணத்தை விஞ்சிவிடும். மாதந்தோறும் முழுத்தொகையையும் கட்ட இயலாதவருக்கு எந்த வெகுமதி அட்டையும் வெகுமதி தராது.

செலவின்றித் தகுதி பெறும் வழிகள்

முதலாவதாக, இரவுகளைச் சிதறவிடக் கூடாது. 18 இரவுகளை மூன்று குழுமங்களில் ஆறாறாகப் பிரித்துத் தங்குபவர் மூன்றிலும் கீழ்ப்படியிலேயே நிற்பார். தாம் வழக்கமாகச் செல்லும் ஊர்களில் எந்தக் குழுமத்துக்கு நியாயமான வாடகையில் ஹோட்டல் உள்ளதோ, அதைத் தேர்ந்துகொள்வதே முறை. சந்தைக்கும் ஹோட்டலுக்கும் இடையே தொலைவு மிகுந்தால், வாடகைக் காருக்குத் தரும் பணம் புள்ளியின் பயனை விழுங்கிவிடும்.

இரண்டாவதாக, முன்பதிவை ஹோட்டலின் சொந்தத் தளத்திலோ செயலியிலோ செய்ய வேண்டும். இடைத்தரகுத் தளங்களின் வழியே பதிவு செய்த இரவுகளுக்குப் பொதுவாகப் புள்ளியும் சேராது, இரவும் எண்ணப்படாது. ஆயினும் இடைத்தரகுத் தளத்தில் வாடகை ஆயிரம் ரூபாய் குறைவாக இருந்தால், அந்த ஆயிரமே மேலான வெகுமதி.

மூன்றாவதாக, கூட்டு வணிகம் நடத்துவோர் இதைப் பற்றி முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. தகுதி தனிமனிதருக்கு உரியது. நிறுவனத்தின் பெயரிலோ சகோதரர் பெயரிலோ அதை மாற்ற இயலாது. அண்ணன் ஒன்பது இரவும் தம்பி ஒன்பது இரவும் தங்கினால் இருவருக்கும் சில்வர் கிட்டாது. பயணத்தை ஒருவரே மேற்கொண்டால் கிட்டும்; ஆனால் நிறுவனப் பணத்தில் சேர்ந்த புள்ளிகளால் யார் குடும்பம் விடுமுறைக்குச் செல்வது என்ற வினா எழும். அப்புள்ளிகளை அடுத்த வணிகப் பயணத்துக்கே செலவிடுவது என்று கூட்டாளிகள் முடிவு செய்துகொண்டால், வாடகைச் செலவும் குறையும்; மனக்கசப்புக்கும் இடமிராது.

புள்ளி வைப்புத்தொகை அன்று

நம் வங்கியில் வைக்கும் வைப்புத்தொகைக்கு வட்டி உண்டு. முதிர்வுநாளில் கிடைக்கும் தொகை முன்பே எழுதப்பட்டிருக்கும். ஹோட்டல் புள்ளிக்கு இவ்விரண்டும் இல்லை. ஒரு நியூகாயினுக்கு ஒரு ரூபாய் என்று டாடா நியூ வகுத்துள்ளது போன்ற நிலையான மதிப்பு எல்லாத் திட்டங்களிலும் இராது. மாரியட் நிறுவனம் 2022-இல் தன் நிலையான புள்ளி அட்டவணையைக் கைவிட்டது. அதன்பின் ஒரே அறைக்கு வேண்டிய புள்ளிகள் நாளுக்கு நாள் மாறுகின்றன. 24 மாதங்கள் கணக்கில் எந்த நடவடிக்கையும் இல்லாவிடில் புள்ளிகள் காலாவதியாகின்றன. எனவே மகள் திருமணத்துக்கு என்று பல ஆண்டுகள் புள்ளிகளைச் சேர்த்து வைப்பது உகந்ததன்று. ஓர் இரவுக்குப் போதிய புள்ளிகள் சேர்ந்ததும், வாடகை மிகுந்த நாளாகப் பார்த்து அவற்றைப் பயன்படுத்துவதே இலாபம்.

பாதுகாப்பையும் மறத்தலாகாது. ஸ்டார்வுட் முன்பதிவுத் தரவுகளுக்குள் அந்நியர் ஊடுருவியதை 2018 நவம்பரில் மாரியட் அறிவித்தது. விருந்தினரின் பாஸ்போர்ட் எண்களும் அதில் அடங்கும். ஹோட்டல் கணக்குக்கும் வங்கிக் கணக்குக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்திருப்போர் இன்றே மாற்ற வேண்டும். "உங்கள் புள்ளிகள் இன்றிரவு காலாவதியாகின்றன" என்று வரும் குறுஞ்செய்தியிலுள்ள இணைப்பைத் தொடாமல், செயலிக்குள் சென்று இருப்பைச் சரிபார்க்க வேண்டும். ஓ.டி.பி. எண்ணை எவருக்கும் சொல்லக் கூடாது.

கண்காட்சிக் காலம் ஆண்டின் தொடக்கத்தில், இரவுகளின் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும் வேளையில் வருகிறது. செல்லவிருப்போர் அதற்கு முன்பே தம் பெயரில் கட்டணமின்றி உறுப்பினராகி, எண்ணை முன்பதிவில் சேர்த்துவிடலாம். கடந்த ஆண்டின் ஹோட்டல் ரசீதுகளை எடுத்து, எத்தனை இரவுகள், எந்த ஊர்கள், எவ்வளவு வாடகை என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், எந்தத் தகுதி தானாக வரும் என்பது புலப்படும். அதற்கு மேல் ஏற ஆகும் தொகைக்கு எத்தனை சதுர அடித் தோல் வாங்கலாம் என்பதையும் அதே தாளில் எழுதிவிட்டால், முடிவெடுப்பதில் சிரமம் இராது.