சிறு டிராக்டருக்கு ஏற்ற கிளை நறுக்கும் யந்திரம்

திண்டுக்கல் சமவெளியில் கிளை கழிக்காத தோட்டம் அரிது. ஒட்டன்சத்திரம் பக்கத்தில் முருங்கையைக் கவாத்துச் செய்கிறார்கள். அய்யம்பாளையத்துத் தோப்புகளில் தென்னை மட்டை விழுந்தவண்ணம் இருக்கிறது. வேடசந்தூர்ப் புன்செய்களிலோ சீமைக்கருவேல் வெட்ட வெட்டத் தழைக்கிறது. இவற்றுள் விறகுக்கும் கரிக்கும் உதவும் பருங்கட்டைக்கு விலையுண்டு. விரல் கனமும் மணிக்கட்டுக் கனமுமான மிலாறுக்கு விலையில்லை. ஆகையால் அதை வரப்போரத்தில் குவித்து எரித்துவிடுவது வழக்கமாயிருக்கிறது. மழை குறைந்த இப்பிரதேசத்தில் அதையே நறுக்கி மரத்தடியில் பரப்பினால் நிலத்தின் ஈரம் காக்கப்படும். இதன்பொருட்டு, 15 முதல் 25 குதிரைச்சக்தி வரையுள்ள சிறு டிராக்டரில் பூட்டும் நறுக்கு யந்திரம் வாங்க விரும்புவோர் யந்திரத்து வாயின் அகலத்தையே முதலில் பார்க்கின்றனர். முதலில் பார்க்கவேண்டியது டிராக்டரின் சக்தி.

டிராக்டரின் பெயருடன் சொல்லப்படும் குதிரைச்சக்தி எஞ்சினுடையது. நறுக்கு யந்திரத்தைச் சுழற்றுவதோ பின்புறத்து பி.டி.ஓ. தண்டு. கியர்களிலும் பம்பிலும் ஒரு பகுதி கழிந்த பின்னரே சக்தி அங்கு வந்துசேர்கிறது. உதாரணமாக, மஹிந்திரா யுவராஜ் 215 எஞ்சினளவில் 15 குதிரைச்சக்தியுடையது, பி.டி.ஓ.வில் கிடைப்பது 11.4 மாத்திரமே. இந்த எண் ஒவ்வொரு டிராக்டரின் கையேட்டிலும் தனியே குறிக்கப்பட்டிருக்கும். அதையும் முழுமையாக நம்பலாகாது. தேய்ந்த எஞ்சின், சித்திரை வெயில், தூசியடைத்த ரேடியேட்டர், மழுங்கிய கத்தி ஆகியவற்றுக்காக ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கிவிடவேண்டும். மேற்படி டிராக்டரில் மிஞ்சுவது சுமார் 9. கிளையின் விட்டம் ஓர் அங்குலத்திற்கு 5 குதிரைச்சக்தி என்று தோராயமாகக் கொண்டால், அது தளராமல் நறுக்கக்கூடியது இரண்டு அங்குலத்திற்குட்பட்ட கிளையே. பி.டி.ஓ.வில் 20 உள்ள டிராக்டர் மூன்று அங்குலம் வரை தாங்கும்.

அங்குலம் ஒன்று கூடினால் என்ன என்று எண்ணுதல் தவறு. விட்டம் இரட்டித்தால் வெட்டவேண்டிய மரம் நான்கு மடங்காகிறது. நிமிஷத்திற்கு 540 சுற்றுச் சுழலும் தட்டில் இரண்டு கத்திகள் இருப்பின் 1,080 வெட்டுக்கள் விழும். ஒரு வெட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் கிளை நிமிஷத்திற்கு ஏறக்குறைய 35 அடி உள்ளே போகும். கத்தியே கிளையை இழுத்துக்கொள்ளும் யந்திரத்தில் இவ்வேகத்தை ஆள் குறைக்க இயலாது. மெல்லிய கிளையாகத் தேர்ந்து இடுவது ஒன்றே வழி. உருளை வைத்த உயர்தர யந்திரங்களில் சுற்றுக் குறைந்தவுடன் கிளை ஏறுவது தானே நின்றுபோகும்; ஆனால் அவ்வுருளையை ஓட்டவும் சக்தி செலவாகும்.

வேகம் குறையாதிருத்தல் முக்கியம். யந்திரத்தின் கனத்த சக்கரம் சக்தியைச் சேமித்துவைத்து வெட்டு விழும் கணத்தில் கொடுக்கிறது. அச்சேமிப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 540 சுற்று 400 ஆக இறங்கினால் சேமிப்பில் பாதிக்குச் சற்று மேல்தான் எஞ்சும். பின்னர் பெல்ட் வழுக்கும், கிளை சிக்கும். எஞ்சினின் எந்த வேகத்தில் பி.டி.ஓ. 540 சுற்றும் என்பதைக் கையேட்டில் பார்த்து அந்த வேகத்திலேயே நிறுத்தவேண்டும். ஒலி தணியும்போது கிளை இடுவதை நிறுத்தி, அது மீண்டு எழும்வரை பொறுத்தல் நலம். டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணி எஞ்சினைத் தணித்து ஓட்டுவோர் பெல்ட்டுக்குச் செலவழிக்கிறார்கள்.

விற்பவர் பச்சை முருங்கைக் கிளையை நறுக்கிக் காட்டினால் அதைக்கொண்டு முடிவு செய்யலாகாது. முருங்கை மிருதுவானது; எந்த யந்திரமும் வெட்டும். காய்ந்த சீமைக்கருவேலைக் கையோடு கொண்டுபோய் இடச்சொல்லிப் பார்க்கவேண்டும். தென்னை மட்டையின் நார் சுற்றிக்கொள்ளுமாதலால் அதற்குக் கத்தியோடு சுத்தியலும் அமைந்த யந்திரம் தகும்.

பூட்டும் தண்டில் ஷியர் போல்ட் இருத்தல் வேண்டும். அது முறிந்தால் அதே தரத்துப் போல்ட்டையே போடுக, கம்பியைச் செருகுதல் கியரை உடைப்பதாகும். பி.டி.ஓ.வுக்குத் தனிக் கிளட்ச் இல்லாத சிறு டிராக்டரில் இன்னுமோர் அபாயம் உண்டு. கிளட்சை மிதித்தாலும் சுழலும் கனத்த சக்கரம் கியர் வழியே டிராக்டரை முன்தள்ளும். ஓவர்ரன் கிளட்ச் பூட்டாமல் ஓட்டலாகாது. தண்டு விநாடிக்கு 9 சுற்றுச் சுற்றுவதால் வேட்டி நுனி சிக்கினால் கை எடுப்பதற்குள் உடல் சுற்றப்பட்டுவிடும். தண்டின் மேலுறை கழன்றிருந்தால் வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

ஆண்டில் சில நாட்களே ஓடும் இதைத் தனியொருவர் வாங்குவதைவிடத் தோட்டக்காரர் பலர் சேர்ந்து வைத்துக்கொள்வது மேல். கிராம உத்தியோகஸ்தர்கள் இதற்கு முன்னின்று, வாங்குமுன் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் வாடகை யந்திரம் உண்டா என விசாரித்துச் சொல்லலாம்.

நறுக்கிய தூளை மண்ணில் கலந்து உழுதால் அது மக்கும்வரை பயிருக்குரிய தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். மேலே பரப்புவதே முறை. தென்னந்தோப்பில் ஈரக்குவியலாக விட்டுவைத்தால் அதில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். சீமைக்கருவேல் நெற்று முற்றிய காலத்தில் வெட்டிய கிளைகளை, நெற்றை உதிர்த்தபின்னரே யந்திரத்தில் இடவேண்டும்.