‘வரம்பற்ற முடியாட்சி’: உண்மையிலேயே வரம்பு இல்லையா?

மாணவர்களே, பிரான்சின் 14ஆம் லூயி பற்றிக் கேள்வி வந்தால், “மன்னர் நினைத்ததை எல்லாம் செய்யலாம்” என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். அங்கேதான் புள்ளி போகிறது. ‘வரம்பற்ற’ என்ற சொல்தான் நம்மைக் குழப்புகிறது.

அதன் பொருள் இதுதான்: சட்டம் இயற்றும் அதிகாரத்தை மன்னர் எந்த மன்றத்தோடும் பகிர்ந்துகொள்ள மாட்டார், கடவுளுக்கு மட்டுமே பதில் சொல்வார். இதற்கு அடிப்படை தெய்வீக உரிமைக் கொள்கை.

லூயி அதிகாரத்தை எப்படிக் கட்டினார்?

1. 1643இல், 4 வயதில் அரியணை ஏறினார். 1648 முதல் 1653 வரை நடந்த ஃபிரோந்துக் கலகத்தில் பாரிஸ் உயர்நீதிமன்றமும் பிரபுக்களும் அரசை எதிர்த்தார்கள். 1661இல் மசரின் இறந்ததும், முதலமைச்சரே வேண்டாம் என்று லூயி தானே ஆளத் தொடங்கினார்.
2. மாகாணங்களைக் கண்காணிக்க ‘இன்டென்டன்ட்’ எனப்படும் அதிகாரிகளைப் பயன்படுத்தினார். இவர்களை எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம்.
3. 1673இல் ஒரு விதி போட்டார்: உயர்நீதிமன்றங்கள் அரசாணையை முதலில் பதிவு செய்யணும், ஆட்சேபணை எல்லாம் அப்புறம்தான்.
4. 1682இல் அரசவையை வெர்சாய்க்கு மாற்றி, பெரிய பிரபுக்களைத் தன் கண்முன்னே வைத்துக்கொண்டார்.

சரி, வரம்பு எங்கே?

பிரித்தானி, லாங்தோக் போன்ற மாகாணங்களில் வரி வாங்க உள்ளூர் மன்றங்களோடு பேசித்தான் ஆகணும். நீதிபதிப் பதவிகள் பல விலைக்கு வாங்கப்பட்டவை. குடும்பச் சொத்து மாதிரி. பணத்தைத் திருப்பிக் கொடுக்காமல் அவற்றைப் பறிப்பது எளிதல்ல. அரியணை உரிமையும் பழைய மரபுக்குக் கட்டுப்பட்டது.

இன்னொன்று பாருங்க. லூயி 1715 செப்டம்பர் 1இல் இறந்தார். அடுத்த நாளே பாரிஸ் உயர்நீதிமன்றம் அவருடைய உயிலின் முக்கிய ஏற்பாடுகளை ஒதுக்கிவிட்டு, ஓர்லியான் கோமகனுக்கு முழு ஆட்சிப் பொறுப்பைக் கொடுத்தது. பதிலுக்கு, 1673இல் இழந்த உரிமை நீதிமன்றத்துக்குத் திரும்பக் கிடைத்தது. 54 ஆண்டு நேரடியாக ஆண்டவரின் கடைசி விருப்பம் ஒரே நாளில் மாறியது!

ஆகவே ‘எந்த அளவுக்கு’ என்று கேள்வி கேட்டால் இரண்டு பக்கமும் எழுதுங்க: மன்னரின் அதிகாரத்துக்குப் போட்டியான மன்றம் இல்லை, ஆனால் அதைச் செயல்படுத்தப் பிரபுக்கள், நீதிபதிகள், மாகாணங்களின் ஒத்துழைப்பு தேவைப்பட்டது. “நானே அரசு” என்று அவர் சொன்னதாக மட்டும் எழுதாதீங்க. அதற்கு அவர் காலத்துச் சான்று கிடையாது.